சூரியனைப் பின்தொடரும் வால்பேப்பர்: வின்டைனமிக் டெஸ்க்டாப், ஒரு மதிப்பீடு

கணினித் திரையின் பின்னணிப் படம் நாள் முழுவதும் ஒன்றாகவே இராமல், விடியலில் வெளுத்து, நண்பகலில் ஒளி கூடி, மாலையில் சிவந்து, இரவில் இருண்டு போகும்படி செய்யும் மென்பொருள்கள் சில இருக்கின்றன. விண்டோஸ் கணினிகளுக்கென எழுதப்பட்டவற்றுள் நன்கு அறியப்பட்டது வின்டைனமிக் டெஸ்க்டாப். அது இலவசம், மூலநிரல் திறந்தது, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் கிட்ஹப் தளத்திலும் கிடைக்கிறது, விளம்பரம் எதுவும் இல்லாமல் திரையின் மூலையில் ஒரு சிறு ஐகானாக உட்கார்ந்துகொண்டு தன் வேலையைப் பார்க்கிறது. இத்தகைய மென்பொருளை மதிப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: படம் மாறியிருப்பது தெரிய வேண்டும், மாறுவது தெரியக் கூடாது. இந்த அளவுகோலின் முதல் பாதியில் வின்டைனமிக் டெஸ்க்டாப் மிக நன்றாகத் தேறுகிறது. இரண்டாம் பாதியில் தடுமாறுகிறது. எங்கே, ஏன் தடுமாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இதே வேலையை மேக்ஓஎஸ் இயங்குதளமும் லினக்ஸின் க்னோம் திரைச்சூழலும் எப்படிச் செய்கின்றன என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தான் எதைப் பார்த்துப் பிறந்தது என்பதை இந்த மென்பொருள் மறைப்பதில்லை. 2018 செப்டம்பரில் வெளியான மேக்ஓஎஸ் மொஹாவி பதிப்பில், ஆப்பிள் நிறுவனம் ‘டைனமிக் டெஸ்க்டாப்’ என்ற வசதியைச் சேர்த்தது. பாலைவன மணல்மேடு ஒன்றை நாளின் வெவ்வேறு பொழுதுகளில் காட்டும் 16 படங்கள், ஒவ்வொன்றும் 5120 × 2880 புள்ளிகள் கொண்டவை, பல படங்களை ஒன்றாக வைக்க இடம்தரும் ஹெச்இஐசி வடிவிலான ஒரே கோப்புக்குள் அடுக்கப்பட்டிருந்தன. அந்தப் படத்தொகுதியின் சிறப்பு அதன் சிக்கனத்தில் இருக்கிறது. மணல்மேட்டின் முகட்டுக்கோடு எல்லாப் படங்களிலும் அசையாமல் நிற்க, அதன் சரிவுகளில் விழும் ஒளியும் நிழலும் மட்டுமே இடம் மாறுகின்றன. பகலில் பொன்னிறமாக இருக்கும் மணல், இரவில் ஆழ்ந்த நீலத்துக்குப் போய்விடுகிறது. மரமோ மனிதரோ வாகனமோ இல்லாத காட்சி என்பதால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒளியைத் தவிர வேறெதுவும் மாறியதாகத் தோன்றுவதில்லை. அடுத்து வந்த மேக் பதிப்புகளின் கடற்கரை, மலைக் காட்சிகள் அழகில் குறைந்தவை அல்ல; ஆனால் மாறும் பின்னணிக்கு ஏற்ற பொருள் என்ற வகையில் அந்த மணல்மேட்டுக்கு இணையாக அவற்றில் எதையும் நான் கருதவில்லை.

ஆப்பிள்தான் இந்த எண்ணத்தையே கண்டுபிடித்தது என்று எழுதுபவர்கள் உண்டு, அது சரியன்று. 2007 நவம்பரில் வெளியான ஃபெடோரா 8 லினக்ஸ் வெளியீட்டிலேயே, பொழுதுக்கு ஏற்ப நிறம் மாறும் ‘இன்ஃபினிட்டி’ என்ற பின்னணி இயல்பிருப்பாக இருந்தது. அதைச் சாத்தியமாக்கிய க்னோமின் கோப்பு வடிவத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனெனில் வின்டைனமிக் டெஸ்க்டாப்பிடம் இல்லாத ஒன்று அதனிடம் இருக்கிறது.

நிறுவுவதில் சொல்லும்படியான சிக்கல் எதுவும் இல்லை. முதல் முறை திறந்தவுடன், பொழுதை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று மென்பொருள் கேட்கிறது. விண்டோஸின் இருப்பிடச் சேவையைப் பயன்படுத்தச் சொல்லலாம். ஊரின் பெயரை நாமே தட்டச்சு செய்யலாம். அல்லது சூரிய உதய, மறைவு நேரங்களை நேரடியாகக் கொடுத்துவிடலாம். இருப்பிடத்தைத் தெரிவிக்கத் தயங்குபவர்கள் கவலைப்படத் தேவையில்லை என்பதற்குக் கணக்கே சான்று. புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால், தீர்க்கரேகையில் ஒரு பாகை தள்ளிப்போனால் உதய நேரம் 4 நிமிடம் மட்டுமே மாறும்; நிலநடுக்கோட்டில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே அருகிலுள்ள ஏதேனும் ஒரு பெரிய நகரத்தின் பெயரைக் கொடுத்தால் போதும், பின்னணிப் படத்துக்குத் தேவையான துல்லியம் கிடைத்துவிடும். இணைப்பை வேறோர் இடத்தின் வழியே திருப்பிவிடும் விபிஎன் மூலம் இணையத்தை அணுகுபவர்கள் தானியங்கி இருப்பிடத்தைவிட இந்த வழியையே தேர்ந்தெடுப்பது நல்லது. இணைய முகவரியை வைத்து இடம் ஊகிக்கப்பட்டால் வேறொரு கண்டத்தின் விடியல் திரையில் வந்து நிற்கக்கூடும்.

மூன்றாவது வழியான நேரடி நேரக் குறிப்பு மிகச் சாதாரணமாகத் தோன்றினாலும், இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு இதுவே பயன் மிகுந்தது. மாலையில் விழித்து விடியலில் உறங்கச் செல்லும் ஒருவர், தாம் வேலையைத் தொடங்கும் நேரத்தை உதயமாகவும் முடிக்கும் நேரத்தை மறைவாகவும் குறித்துக்கொள்ளலாம். இயங்குதளத்தோடு ஒட்டி வரும் வசதிகள் பயனரின் பொழுதைச் சூரியனின் பொழுதாகவே எடுத்துக்கொள்ளும்போது, ஒரு சிறு இலவச மென்பொருள் இதற்கு இடம் வைத்திருப்பது பாராட்டத்தக்கது.

ஆனால் இருப்பிடத்தைக் கொடுத்துச் சூரியனைப் பின்பற்றும்போதுதான் இந்த வகை மென்பொருளின் உண்மையான மதிப்பு வெளிப்படுகிறது. சூரியன் மறைந்த பிறகு அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரையிலான அந்திப்பொழுது எல்லா இடங்களிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் ஏறத்தாழ நேர்குத்தாக இறங்குவதால், அந்தி 20 நிமிடங்களைச் சற்றே தாண்டி முடிந்துவிடுகிறது. 60 பாகை அட்சரேகையில், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களிலேயே அது இருமடங்காகிறது. 61 பாகை வட அட்சரேகையில் ஜூன் மாத இறுதியில் அந்தி முடிவதே இல்லை, அது அப்படியே விடியலாக மாறிவிடுகிறது. மாலை 6 மணிக்குச் செந்நிறப் படம், 7 மணிக்கு இருண்ட படம் என்று கடிகாரத்தை மட்டும் நம்பும் ஏற்பாடு, ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டுமே சன்னலுக்கு வெளியே இருக்கும் வானத்தோடு ஒத்துப்போகும். மற்ற நாட்களில் வெளியே வெயில் அடிக்கும்போது திரையில் நட்சத்திரங்கள் தெரியும். வின்டைனமிக் டெஸ்க்டாப் இந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் புதிதாகப் போடுகிறது. துருவப் பகுதிகளில் சூரியன் மறையாத நாட்களையும் உதிக்காத நாட்களையும்கூட அது கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இனி, தடுமாற்றத்துக்கு வருவோம். இந்த மென்பொருளில் ஒரு ‘தீம்’ என்பது படங்களும், அவற்றை விவரிக்கும், ஜேசான் என்ற எளிய எழுத்து வடிவிலான ஒரு சிறு கோப்பும் சேர்ந்த ஜிப் தொகுப்பு. பெயரின் பின்னொட்டு மட்டும் டிடிடபிள்யூ என்று இருக்கும். அந்த ஜேசான் கோப்பைத் திறந்து பார்த்தால் உதயம், பகல், மறைவு, இரவு என நான்கு பட்டியல்களும், ஒவ்வொன்றிலும் எந்தெந்த எண்ணுள்ள படங்கள் வர வேண்டும் என்ற குறிப்பும் இருக்கின்றன. அவ்வளவுதான். ஒரு பகுதிக்குரிய நேரம் எவ்வளவோ, அதை அந்தப் பட்டியலிலுள்ள படங்களின் எண்ணிக்கையால் சமமாக வகுத்துக்கொள்கிறது மென்பொருள். பகற்பகுதி 11 மணி நேரம், அதற்குரிய படங்கள் 5 என்றால், ஒவ்வொரு படமும் 132 நிமிடங்கள் நிற்கும்.

மேக்ஓஎஸ் இங்கே வேறு வழியில் செல்கிறது. அதன் ஹெச்இஐசி கோப்புக்குள் ஒவ்வொரு படத்தோடும், அந்தப் படம் பொருந்தும் நேரத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கும், எந்தத் திசையில் இருக்கும் என்ற இரண்டு எண்கள் பொதிந்திருக்கின்றன. உயரம் மட்டும் இருந்தால் போதாது. காலையில் 10 பாகை உயரத்தில் இருக்கும் சூரியன் மாலையிலும் அதே உயரத்தில் ஒரு முறை இருக்கும் என்பதால், திசை என்ற இரண்டாவது எண்தான் காலையையும் மாலையையும் பிரித்துக் காட்டுகிறது. இந்த ஏற்பாட்டில், குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகவே சுற்றிவரும் வட அட்சரேகைப் பயனர் ஒருவருக்கு உச்சிவெயில் படம் பொருந்தாது என்பது கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வின்டைனமிக் டெஸ்க்டாப்பிலோ, பருவம் எதுவானாலும், பகல் எவ்வளவு குறுகினாலும், பட்டியலிலுள்ள எல்லாப் படங்களும் முறை வைத்து வந்துபோகும். பெரும்பாலோர் இந்த வேறுபாட்டை உணரப்போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பகல் வெளிச்சத்துக்குள் எத்தனை வகை என்று கண் கணக்கு வைப்பதில்லை.

கண் உடனே கண்டுகொள்வது வேறொன்றை. 11 மணிக்குக் காட்டும் படத்துக்கும் 1 மணிக்குக் காட்டும் படத்துக்கும் வேறுபாடு சொற்பம். அங்கே ஒன்றன் இடத்தில் மற்றொன்று சட்டென்று வந்து அமர்ந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாலையில் நிலைமை தலைகீழ். சூரியன் அடிவானத்துக்கு மேல் 6 பாகையிலிருந்து கீழே 6 பாகை வரை இறங்க, நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஆகின்றன. அந்த நேரத்துக்குள் வானம் பொன்னிறத்திலிருந்து கருநீலம் வரை முழு வண்ணத்தொகுதியையும் கடந்துவிடுகிறது. அதற்கு 4 படங்கள் ஒதுக்கப்பட்டிருந்தால் 12 நிமிடத்துக்கு ஒரு முறை திரை ஒரு படி இருளும். இரண்டு படங்களுக்கும் இடையே விண்டோஸ் ஒரு மென்மையான மங்கல் மாற்றத்தைக் காட்டுகிறது என்பது உண்மை. ஆனால் அது நொடிக்கணக்கில் முடிந்துவிடுவது. பார்வையின் ஓரத்தில் நிகழும் திடீர் ஒளிமாற்றத்துக்குக் கண் மிகவும் கூர்மையானது. பெரிய திரையில் நடுவே ஒரு கட்டுரையைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போது, ஓரங்களில் தெரியும் பின்னணி ஒரு கணத்தில் கறுத்தால், யாரோ அறை விளக்கை அணைத்துவிட்டார்களோ என்று தலை தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. படிப்படியாக மாறுவதாகச் சொல்லப்படும் ஒரு பொருள் இப்படிக் கவனத்தைக் கலைப்பது அதன் அடிப்படை நோக்கத்துக்கே எதிரானது. மேக்ஓஎஸும் இதில் குற்றமற்றதன்று. 16 படங்களை 24 மணி நேரத்துக்குப் பரப்பும் எந்த ஏற்பாட்டிலும் படிகள் தெரியத்தான் செய்யும்.

க்னோம் இதைத்தான் வெகு காலத்துக்கு முன்பே தீர்த்து வைத்திருந்தது. அதன் பின்னணிக் கோப்பு எளிய எக்ஸ்எம்எல், அதாவது குறிகளிட்டு எழுதப்பட்ட எழுத்துக் கோப்பு. ‘இந்தப் படம் இத்தனை நொடி நிற்கட்டும்’ என்று ஒரு வரி; ‘இந்தப் படத்திலிருந்து அந்தப் படத்துக்கு இத்தனை நொடியில் மாறட்டும்’ என்று அடுத்த வரி. இந்த இரண்டாவது வகை வரிதான் முக்கியம். மாறும் காலத்தை ஒரு மணி நேரம் என்று கொடுத்தால், முதல் படத்தின் மேல் இரண்டாவது படம் ஒரு மணி நேரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். க்னோம் ஷெல்லின் மூலநிரலில் ஒளிபுகாத்தன்மை 255 அளவுக்குள் ஒவ்வொரு முறையும் 4 அளவு கூட்டப்படுகிறது. அதாவது ஒரு மாற்றத்துக்கு ஏறத்தாழ 64 படிகள். ஒரு மணி நேர மாற்றத்தில் ஒரு படிக்கு 56 நொடி. ஒரு படியில் நிகழும் வேறுபாடு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் மாறுவது தெரியாது; தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மாறியிருப்பது தெரியும். என் அளவுகோலின் இரண்டாம் பாதிக்கு இதைவிடச் சரியான விடையை நான் கண்டதில்லை.

ஆனால் க்னோமுக்குச் சூரியன் யாரென்றே தெரியாது. அந்த எக்ஸ்எம்எல் கோப்பு ஒரு தொடக்க நேரத்தையும், அதிலிருந்து எண்ணப்படும் நொடிகளையும் மட்டுமே அறியும். ஜூன் மாதமும் டிசம்பர் மாதமும் அதற்கு ஒன்றே. போதாததற்கு, எல்லா வரிகளிலும் உள்ள நொடிகளின் கூட்டுத்தொகை மிகச் சரியாக 86,400 ஆக இருக்க வேண்டும். கையால் எழுதும்போது கணக்கில் 100 நொடி குறைந்துவிட்டால் சுழற்சி ஒவ்வொரு நாளும் 100 நொடி முன்னே நகர்ந்து, 36 நாட்களில் ஒரு மணி நேரம் பிசகிப் போயிருக்கும். பார்ப்பவருக்கு எங்கே தவறு என்றே புரியாது. மேலும், 2022இல் வந்த க்னோம் 42 முதல், ஒளிர் தோற்றத்துக்கு ஒன்று, இருள் தோற்றத்துக்கு ஒன்று என்ற இரட்டைப் படங்களே முன்னிறுத்தப்படுகின்றன. மேக்ஓஎஸின் அண்மைப் பதிப்புகளும், 2023இல் வந்த சோனோமா தொடங்கி, மெதுவாக ஓடி நிற்கும் வான்வழிக் காணொளிகளில்தான் பெருமை கொள்கின்றன. பொழுதோடு நகரும் பின்னணி என்ற எண்ணம் இப்போது பெரிய நிறுவனங்களின் கவனத்தில் இல்லை. அதை விடாமல் பேணிவருவது வின்டைனமிக் டெஸ்க்டாப் போன்ற தன்னார்வ முயற்சிகள்தாம். மேலே சொன்ன குறையை இந்தப் பின்னணியோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

மென்பொருளின் மற்ற வசதிகள் தேவையறிந்து அமைக்கப்பட்டிருக்கின்றன. பல திரைகளை இணைத்திருப்பவர்கள் ஒவ்வொரு திரைக்கும் வேறு தீம் வைத்துக்கொள்ளலாம். இரவுப் படங்களை மட்டுமே நாள் முழுவதும் காட்டச் சொல்லும் வசதியும், நாளுக்கு ஒரு தீமாக மாற்றிக்கொண்டே போகும் வசதியும் உண்டு. விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல் தெரிந்தவர்கள், படம் மாறும் ஒவ்வொரு முறையும் தாங்கள் எழுதிய ஒரு சிறு நிரல் ஓடும்படி செய்யலாம். விண்டோஸின் ஒளிர், இருள் தோற்றத்தைச் சூரியனோடு சேர்த்து மாற்றுவதற்கு இது நேர்த்தியான வழி.

கணினியின் வேகத்தைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை: பாதிக்காது. 5120 × 2880 அளவுள்ள ஒரு படம், புள்ளிக்கு 4 பைட் என்ற கணக்கில் நினைவகத்தில் விரிந்தால் ஏறத்தாழ 59 மெகாபைட் பிடிக்கும். அசையாத எந்தப் பெரிய வால்பேப்பருக்கும் இதே செலவுதான். இரண்டு மாற்றங்களுக்கு இடையே மென்பொருள் வெறுமனே காத்திருக்கிறது. நொடிக்குப் பல முறை திரையை வரையும் காணொளி வால்பேப்பர்களோடு இதை ஒன்றாக வைத்து, மடிக்கணினியின் பேட்டரி தீர்ந்துவிடும் என்று அஞ்சுவது தேவையற்றது.

படத்தின் தரத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. இதில் பழி மென்பொருளின் மேல் விழுந்தாலும் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. அந்தி வானமும் இரவு வானமும் மிக மெல்லிய நிறச்சரிவுகள். சாதாரண 8 பிட் படத்தில் ஒரு வண்ணத்துக்கு 256 நிலைகள்தான் உண்டு. இருண்ட வானம் அவற்றுள் 10ஆவது நிலையிலிருந்து 40ஆவது நிலை வரை மட்டுமே பயன்படுத்துகிறது என்று கொள்வோம். 1440 புள்ளி உயரமுள்ள திரையில் அந்த 30 நிலைகள் பரவினால், ஒவ்வொன்றும் 48 புள்ளி அகலமுள்ள பட்டையாக, புடவைக் கரைபோல வரிவரியாகத் தெரியும். இதன் மேல், விண்டோஸ் எந்த ஜேபெக் படத்தையும் பின்னணியாக ஏற்கும்போது, இயல்பாக 85 என்ற தர அளவில் மறுபடியும் சுருக்கிச் சேமிக்கிறது. பட்டைகள் இன்னும் தடித்துவிடுகின்றன. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் நடப்புப் பயனருக்குரிய கன்ட்ரோல் பேனல் பிரிவின்கீழ், டெஸ்க்டாப் என்ற பகுதியில் ‘ஜேபெக் இம்போர்ட் குவாலிட்டி’ (JPEGImportQuality) என்ற டிவேர்ட் வகை எண் மதிப்பை உருவாக்கி 100 என்று வைத்தால் இந்த இரண்டாவது சேதம் நிற்கும். முதல் சேதத்துக்கு மருந்து படத்தை உருவாக்குபவரிடம்தான் இருக்கிறது. வானத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு துகள் இரைச்சலைத் தூவிவிட்டால் பட்டைகளின் விளிம்பு கலைந்துவிடும்.

தீம்களைத் தேர்ந்தெடுக்கும்போது அழகை மட்டும் பார்க்காமல் ஐகான்கள் எங்கே இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் ஐகான்களை இடப்பக்கத்திலிருந்து அடுக்குகிறது. மேக் வலப்பக்கத்திலிருந்து அடுக்குகிறது. ஆகவே மேக் பயனர்களை மனத்தில் வைத்து வலப்பக்கத்தை வெறுமையாக விட்டு அமைக்கப்பட்ட காட்சிகள் விண்டோஸுக்கு வரும்போது, பாறையும் நுரையும் நிறைந்த இடப்பக்கத்தின் மேல் கோப்புப் பெயர்கள் தொலைந்துபோகின்றன. இரவில் தெளிவாகத் தெரிந்த வெள்ளை எழுத்து நண்பகலின் வெளிர்மணலில் கரைந்துவிடுவது இன்னொரு தொல்லை. ஒரு தீமைப் பதிவிறக்குவதற்கு முன் அதன் நண்பகல் படத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். மறைவுப் படத்தின் கவர்ச்சியில் மயங்கிப் பதிவிறக்குவது எளிது, ஆனால் கணினிக்கு முன் நாம் அதிக நேரம் காண்பது பகற்படங்களையே.

விண்டோஸின் வேறு இரண்டு அமைப்புகளோடு இது மோதுகிறது. டாஸ்க்பாருக்கும் பொத்தான்களுக்கும் பூசப்படும் அழுத்த நிறத்தைப் பின்னணியிலிருந்து தானே தேர்ந்தெடுக்கும் அமைப்பை இயக்கி வைத்திருந்தால், படம் மாறும்போதெல்லாம் டாஸ்க்பாரும் பொத்தான்களும் நிறம் மாறிக்கொண்டிருக்கும். சிலருக்கு இது பிடிக்கலாம், எனக்கு இது கூச்சல். நீல ஒளியைக் குறைக்கும் ‘நைட் லைட்’ இரவில் திரை முழுவதையும் மஞ்சளாக்குவதால், ஏற்கெனவே செம்மஞ்சளான மறைவுப் படம் அதன் கீழ் ஒரே குழம்பலாகிவிடுகிறது. நைட் லைட்டின் வலிமையைக் குறைத்துக்கொள்வது அல்லது மறைவில் நீலமும் ஊதாவும் மிகுந்த தீமைத் தேர்வது என இரண்டில் ஒன்றைச் செய்யலாம். ஒளிப்படங்களைத் திருத்துபவர்கள், அச்சுக்கு வண்ணம் பார்ப்பவர்கள் இந்த வகை மென்பொருள் எதையுமே வேலைநேரத்தில் இயக்கக் கூடாது. சுற்றியுள்ள நிறம் மாறினால் நடுவிலுள்ள நிறத்தைப் பற்றிய கண்ணின் தீர்ப்பும் மாறிவிடும், அவர்களுக்கு மாறாத சாம்பல் நிறமே ஏற்றது.

சொந்தமாகத் தீம் உருவாக்குவதற்கு இந்த மென்பொருள் தரும் சுதந்திரமே, என் பார்வையில், அதன் மிகப் பெரிய பலம். மேக்கின் ஹெச்இஐசி கோப்பைத் தயாரிக்கத் தனிக் கருவிகள் வேண்டும். இங்கே படங்களும் ஒரு ஜேசான் கோப்பும் போதும். கடினம் படம் எடுப்பதில்தான் இருக்கிறது. முக்காலியில் நிறுத்திய கேமரா நாள் முழுவதும் ஒரு மயிரிழையும் அசையக் கூடாது. ஒரே ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் படம் மாறும் கணத்தில் காட்சி முழுவதும் துள்ளும். குவியத்தைக் கையால் பூட்ட வேண்டும். படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெண்சமநிலையைப் பகலொளிக்குரிய 5500 கெல்வின் அருகே நிலைநிறுத்த வேண்டும். கேமராவின் தானியங்கித் தேர்வுக்கு விட்டால், அந்தியின் நீலத்தை அது பிழை என்று எண்ணித் திருத்திவிடும். ஒளியளவில் இதே தந்திரம் செல்லாது. ஒளியை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் நேரடி வெயில் ஏறத்தாழ 1,00,000, முழுநிலவின் ஒளி ஒரு லக்ஸுக்கும் மிகக் குறைவு என்றிருக்கும்போது, இரண்டையும் ஒரே அமைப்பில் எந்தக் கேமராவாலும் பிடிக்க முடியாது. பொழுதுக்கேற்ப ஒளியளவை மாற்றி எடுத்துவிட்டு, பிறகு கணினியில் உட்கார்ந்து, மாலையிலிருந்து இரவை நோக்கிப் போகப் போக ஒவ்வொரு படமும் முந்தையதைவிடச் சற்றே இருண்டதாக அமையும்படி கையால் சரிசெய்வதைத் தவிர வேறு வழியில்லை.

மாலைநேரத் தாவலையும் இதே சுதந்திரத்தைக் கொண்டு பெருமளவு குறைத்துவிடலாம். பட்டியலில் எத்தனை படங்கள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால், படத்திருத்த மென்பொருளில் அடுத்தடுத்த இரண்டு மறைவுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலுள்ளதன் ஒளிபுகாத்தன்மையை 25, 50, 75 விழுக்காடாக வைத்து மூன்று இடைப்படங்களைச் சேமித்துக்கொள்ள வேண்டும். 4 மறைவுப் படங்களுக்கு இடையே உள்ள 3 இடைவெளிகளையும் இப்படி நிரப்பினால் மொத்தம் 13 படங்கள் ஆகும். 12 நிமிடத்துக்கு ஒரு முறை நிகழ்ந்த பெருந்தாவல், 4 நிமிடத்துக்கு ஒரு முறை நிகழும் சிறு நகர்வாகிவிடும். க்னோமின் 64 படிகளுக்கு இது ஈடாகாது என்றாலும், பார்வையின் ஓரத்தில் உறுத்துவது வெகுவாகக் குறைந்துவிடும். உதயப் படங்களுக்கும் இதையே செய்யலாம், பகற்படங்களுக்குத் தேவையில்லை. மேகங்கள் மிகுந்த காட்சியானால் மட்டும் இந்த வேலையில் இறங்க வேண்டாம், ஏனெனில் இரண்டு படங்களின் மேகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, பாதி பாதியாகத் தெரிந்துகொண்டிருக்கும்.